புதன்கிழமைத் தேனீக்கள்

19 பிப்ரவரி 2025, புதன்

பாத்திமாவுக்கு,

பின்சுவருக்கு இந்தப் பக்கத்து நுஸைபா எழுதுகிறேன். பத்தடி தூரத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. சுவரோரம் நின்று கூப்பிட்டால் நீ முயல் மாதிரி உள்ளே ஓடிவிடுகிறாய். உனக்கென்று போன் கிடையாது. உன் அப்பா போனுக்கு அனுப்பினால் அவர் படித்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் கேட்பார், இவர் பதில் சொல்வார், நத்தம் ரோடு முழுக்க வேடிக்கை பார்க்கும். அதனால்தான் காகிதம்.

விஷயம் உன் தேனீக்கள். எங்கள் வியாபாரம் உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சிறுமலையிலிருந்து வாழைத்தார் வந்து இறங்கும். பின்னறையில் அடைத்துப் புகைமூட்டம் போடுவோம். புதன்கிழமை கதவைத் திறந்தால் பழம். இன்று காலை அவர் தார்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது உன் பெட்டியிலிருந்து மூன்று பேர் வந்து கொட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு கழுத்தில், ஒன்று காதில். "ஏய், என் காது இருக்கான்னு பாரு, எனக்குத் தெரியவே மாட்டேங்குது" என்று குதித்தார். இருந்தது. உளுந்துவடை அளவுக்கு இருந்தது.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை. டிசம்பரிலிருந்து இது எத்தனையாவது தடவை என்று எனக்குக் கணக்கு விட்டுப்போய்விட்டது. என் மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவருக்குப் போன மாதம் புறங்கையில் கொட்டிய இடம் ஆற இருபது நாள் ஆனது.

நோன்புப் பெருநாளுக்குள் அந்த நான்கு பெட்டிகளையும் வேறு எங்காவது கொண்டுபோய்விடு. இல்லையென்றால் மாநகராட்சியில் மனு கொடுப்பேன் என்கிறார் இவர். சொன்னால் செய்துவிடுவார்.

பதிலைச் சுவர் மேல் இதே கல்லுக்கு அடியில் வை.

நுஸைபா


21 பிப்ரவரி 2025, வெள்ளி

அன்புள்ள நுஸைபா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். மாமாவின் காது இப்போது எப்படி இருக்கிறது? என்னை மன்னிக்க வேண்டும். இனி யாருக்காவது கொட்டினால் கொடுக்கை விரலால் கிள்ளி எடுக்காதீர்கள். அதோடு ஒரு சின்ன விஷப்பை ஒட்டியிருக்கும். கிள்ளினால் மிச்ச விஷமும் உள்ளே இறங்கிவிடும். நகத்தால் பக்கவாட்டில் வழித்து எறிய வேண்டும்.

உங்களைப் பார்த்து ஓடுவது மரியாதைக் குறைவால் இல்லை. யாராவது என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால் எனக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் தொண்டைக்குக் கீழேயே தங்கிவிடும். ஒன்பதாம் வகுப்பில் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொல்வார்கள். மணி அடிக்கும் வரை புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பேன். அந்த வருடத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். தேன்பெட்டிக்குப் பக்கத்தில் பேச வேண்டியதில்லை. கையை மெதுவாக நகர்த்தினால் போதும்.

சேவுகம்பட்டியில் முருங்கை போட்டிருக்கும் கிளெமென்ட் சித்தப்பா எனக்கு ஒரு பெட்டி கொடுத்தார். அதைப் பிரித்துப் பிரித்து நான்தான் நான்காக்கினேன். அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார், "அக்கம்பக்கத்துல ஒருத்தர் வாயத் தொறந்தாலும் அம்புட்டும் சேவுகம்பட்டிக்குப் போயிரும், பாத்துக்க" என்று. அங்கே போனால் நான் அவற்றை மாதம் ஒருமுறை பார்ப்பதே பெரிது. எனக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு எதுவும் பிடிப்பதும் இல்லை.

தவறு என்னுடையதுதான். பெட்டிகளின் வாசல் உங்கள் பக்கம் பார்த்து இருந்தது. நேற்று இருட்டி எல்லாம் உள்ளே அடைந்த பிறகு, வாசலைக் கிழக்கே திருப்பி வைத்தேன். அப்பா கட்டிட வேலைக்குக் கட்டும் பச்சை வலையை அந்த வாசல்களுக்கு எதிரே ஆள் உயரத்துக்கு மேல் கட்டியிருக்கிறேன். வெளியே வருபவை அதைத் தாண்ட மேலே எழும்பித்தான் பறக்கும், ஆள் தலையில் மோதாது. உங்கள் குழாயடிக்கு வராமல் இருக்க, தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீரும் வைத்திருக்கிறேன்.

பெருநாள் வரை பொறுத்துப் பாருங்கள் அக்கா. அப்பாவிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.

பாத்திமா


27 பிப்ரவரி 2025, வியாழன்

பாத்திமா,

நேற்றுப் புதன்கிழமை. ஒரு தேனீகூட வரவில்லை. இந்த வாரம் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று இவர் லோடு எடுக்கவில்லை. அதனால் பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து உன் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவாயில்லயே, கொத்தனார் மக வேலை கெட்டியாத்தான் இருக்கு" என்றார். உன் அப்பாவுக்குக்கூட இவர் இப்படிச் சான்றிதழ் கொடுத்ததில்லை.

நீங்கள் குடிவந்த புதிதில் உன் பெயரைக் கேட்டுவிட்டு எங்கள் ஆட்கள்தான் போலிருக்கிறது என்று ஒரு தட்டு பிரியாணியோடு வந்தேன். உள்ளே பார்த்தால் பாத்திமா மாதா படம். அப்போதும் நீ கதவுக்குப் பின்னால்தான் நின்றாய். தட்டை மட்டும் ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. இப்போதும் கேஸ் சிலிண்டர்காரர் பாத்திமா என்று கேட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்.

ஒரு சந்தேகம். ராணி ராணி என்கிறார்களே, அவள் ஏதாவது வேலை செய்வாளா, இல்லை உட்கார்ந்த இடத்திலிருந்து அதிகாரம்தானா? என் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்க முடியாத கேள்வி, அதனால் எழுதுகிறேன்.

பிறை தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை நோன்பு ஆரம்பம். நோன்புக்குப் பழம் அதிகம் போகும். அடுத்த லோடு வந்ததும் நல்ல மலைவாழைச் சீப்பாகப் பார்த்து உனக்குத் தருகிறேன். எங்கே வைக்கட்டும்? சுவர் மேல் வைத்தால் அணில் விடாது.

நுஸைபா


3 மார்ச் 2025, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

ராணி அதிகாரம் செய்வதில்லை. காலையிலிருந்து இரவு வரை முட்டை இடுவதுதான் அவள் வேலை. ஊட்டிவிடுவது, துடைத்துவிடுவது எல்லாம் மற்றவை. சரியாக முட்டை இடாவிட்டால் அவளை ஒதுக்கிவிட்டு வேறு ராணியை வளர்த்துக்கொள்ளும். இதை உங்கள் மாமியாரிடம் சொல்ல வேண்டாம்.

மூன்றாம் பெட்டியில் தேன் கட்டி முடியப் போகிறது. அடை கட்டும் மரச்சட்டத்தில் முக்கால்வாசி அறைகளையாவது அவை மெழுகு வைத்து மூடிய பிறகுதான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் தண்ணீராக இருக்கும், கொஞ்ச நாளில் புளித்துவிடும். இப்போது வேப்பம்பூவும் புங்கம்பூவும் வரப் போகிற நேரம். பெட்டியை இடம் மாற்றினால் இந்த வருடத் தேன் போய்விடும். அதனால்தான் உங்களிடம் அப்படிக் கெஞ்சினேன்.

பழத்தைச் சுவரை ஒட்டியிருக்கும் முதல் பெட்டியின் மேல் மூடியில் வையுங்கள். தட்டையாக மேசை மாதிரி இருக்கும். கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பதால் எறும்பு ஏறாது. மூடியில் எதை வைத்தாலும் அவை கண்டுகொள்ளாது. நான் என் நோட்டைக்கூட அங்கேதான் வைப்பேன்.

பாத்திமா


5 மார்ச் 2025, புதன், மதியம்

பாத்திமா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

நீ சொன்னபடிதான் செய்தேன். மூட்டம் திறந்ததும் முதல் தாரிலேயே நல்ல சீப்பாக வெட்டி இவரிடம் கொடுத்து, அந்தப் பெட்டி மேல் வைக்கச் சொன்னேன். வைத்துவிட்டுத் திரும்பி அறைக்குள் நுழைந்திருப்பார், அவ்வளவுதான். கையில் பழ வாசம், சட்டையில் புகை வாசம், பின்னால் ஒரு பட்டாளம். உதட்டில் ஒன்று, இமையில் ஒன்று, முதுகில் எத்தனையோ. நோன்பு என்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றுவிட்டார். நகத்தால் வழித்தேன். நீ சொல்லிக்கொடுத்தது அதற்காவது ஆனது.

நீ வெறுங்கையோடு ஓடி வந்து அந்தச் சீப்பை எடுத்து எறிந்ததையும் பார்த்தேன். உன் கையிலும் மொய்த்ததே, எத்தனை கொட்டு?

அதற்குப் பிறகு தெருவில் நடந்தது உனக்கே கேட்டிருக்கும். ஒருவர் நோன்பு, ஒருவர் சாம்பல் புதன் பூசை முடிந்து நெற்றியில் சாம்பல். இரண்டு பேரும் பேசிய பேச்சு இருக்கிறதே!

"கொத்தனாரே, நீரு பூச்சி வளக்குறீரா, பூகம்பம் வளக்குறீரா?"

"யோவ் பாய், ஒம்ம மூஞ்சி அதுக்குப் பிடிக்கலன்னா நான் என்னய்யா செய்ய?"

"சனிக்கிழமைக்குள்ள எடுக்கல, நானே தூக்கித் தெருவுல வைப்பேன்."

"நீரு என்ன வைக்கிறது, நானே அனுப்புறேன்யா. தம்பிக்கு இப்பவே போனப் போடுறேன்."

இனி நான் சொல்லி இவர் கேட்க மாட்டார். எனக்கு உன்மேல் வருத்தம்தான். மூடியில் வைத்தால் ஒன்றும் செய்யாது என்று அவ்வளவு நிச்சயமாக எழுதினாயே.

நுஸைபா


7 மார்ச் 2025, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கு,

வலது கையில் பதினொன்று. வீக்கம் வடிந்துவிட்டது, பேனா பிடிக்க முடிகிறது. மாமாவின் இமை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். நான் நிச்சயமாக எழுதியது தப்புதான். ஏன் தப்பு என்று இப்போது தெரிந்துவிட்டது.

தேனீ கொட்டிய இடத்தை முகர்ந்து பார்த்தால் ஒரு வாசம் வரும். கொட்டும்போது அது அந்த வாசத்தை விட்டுவிட்டுப் போகும். "இங்கே ஆபத்து, எல்லாரும் வாருங்கள்" என்று மற்றவற்றைக் கூப்பிடுகிற வாசம் அது. சித்தப்பா சொல்லியிருக்கிறார். அது என்ன வாசம் என்று நான் யோசித்ததே இல்லை. இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பெட்டி கிடைத்தது. இங்கே எங்கள் கொல்லை, துணி, தலையணை எல்லாவற்றிலும் உங்கள் வாழைப்பழ வாசம்தான். கையில் கொட்டினாலும் பழ வாசம் வரும். உங்கள் அறையிலிருந்து வருகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ராத்திரி அம்மா கையில் சுண்ணாம்பு தடவும்போது வீட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அப்போதும் பழ வாசம் வந்தது. என் கையில் கொட்டிய இடத்திலிருந்து வந்தது. அவை கூப்பிடுகிற வாசமும் வாழைப்பழ வாசமும் ஒன்றேதான் அக்கா.

நேற்று மூன்று பெட்டிகளில் சோதித்துப் பார்த்தேன். தொரட்டிக் கம்பின் நுனியில் கட்டி, ஒன்றுக்கு முன்னால் கொய்யாப்பழத்தை நீட்டினேன். ஒன்றும் இல்லை. ஒன்றுக்கு முன்னால் வெறும் கம்பு. ஒன்றும் இல்லை. மூன்றாவதற்கு முன்னால் நீங்கள் தந்த மலைவாழை. நூறு எண்ணுவதற்குள் காவல் தேனீக்கள் வாசலில் நிரம்பி, கம்பில் வந்து மோதின. நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். உங்கள் பக்கம் கொட்டியதெல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். எட்டு நாள். எட்டும் புதன்கிழமை, நீங்கள் மூட்டம் திறக்கிற நாள். லோடு வராத புதன் ஒன்றுதான், அன்று கொட்டு இல்லை. அது என் வலையால் இல்லை.

மாமாமேல் அவற்றுக்குக் கோபம் கிடையாது. புதன்கிழமைதோறும் கூட்டை யாரோ தாக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பயந்திருக்கின்றன. அந்தப் பழத்தைக் கூட்டின் தலைமேலேயே வைக்கச் சொன்னவள் நான்.

இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. பழம் உங்கள் பிழைப்பு. என்னுடையது நான்கு பெட்டி. நாளை சாயங்காலம் சித்தப்பா சொல்லி ஆனந்த்ராஜ் அண்ணன் லோடு ஆட்டோவோடு வருவார். இருட்டியதும் வாசலை அடைத்து ஏற்றிவிடுவோம். அடுத்த புதன் மாமா பயமில்லாமல் கதவைத் திறக்கலாம்.

மூன்றாம் பெட்டித் தேன் இன்னும் பத்து நாளில் மூடியிருக்கும். உங்களுக்கு ஒரு பாட்டில் தர வேண்டும் என்று கழுவிக் காயவைத்திருந்தேன்.

பாத்திமா


8 மார்ச் 2025, சனி, மாலை நான்கு மணி

அடி பாத்திமா,

உன்னை யார் முடிவு எடுக்கச் சொன்னது?

முதலில் ஒன்று. ஆனந்த்ராஜ் ஆட்டோவுக்காகக் காத்திருக்காதே. வராது. தெருமுனையில் டீக்கடை முன்னால் நின்றதைப் பார்த்தேன். "தேன்பெட்டி ஏத்த வந்த வண்டிதானே? அதுக்கு முன்னாடி அவசர லோடு ஒண்ணு இருக்குப்பா" என்று சொல்லி, மிச்சமிருந்த பழம் பூராவையும் ஏற்றி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டேன். திரும்பி வரும்போது வாடகை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறேன். உன் சித்தப்பாவுக்குக் கோபம் வந்தால் என் பெயரைச் சொல்.

உன் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு கண் மூடியிருக்கிறது, மறு கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். எட்டு புதன் கணக்கு வந்ததும் எழுந்து உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப நம்ம பழத்து வாசத்துக்கா அது இம்புட்டு ஆட்டம் ஆடுது?"

"ஆமாங்க."

"பின்ன? சிறுமலைப் பழம்னா சும்மாவா? மருந்து வச்சுப் பழுக்க வைக்கிறவன் பழத்துக்குப் பூச்சி திரும்பிப் பாக்குமா?"

இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் வீங்கின உதட்டைக் காட்டி வியாபாரம் பேசிக்கொண்டிருக்கிறார்.

பின்னறைக் கதவு உன் பக்கம் பார்த்து இருப்பதால்தான் இந்த வம்பு; தெருப்பக்கம் வாசல் வைத்துவிட்டால் பழ வாசம் ரோட்டுக்குப் போய்விடும். எங்களுக்கும் தாரைச் சுமந்துகொண்டு வீட்டைச் சுற்றி வர வேண்டியதில்லை. ரொம்ப நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்ததுதான். நாளைக்குத் தானே கடப்பாரை எடுத்து உடைக்கப் போகிறாராம். "ஒரு புதன் பாப்போம். அன்னைக்குக் கொட்டு இல்லன்னா பழைய கதவ நிரந்தரமா அடைச்சிருவோம். கொட்டுச்சுன்னா பெட்டி போயிரணும்" என்று சொல்லியிருக்கிறார்.

இந்தக் கடிதத்தை உன் அப்பாவிடம் காட்டு. காட்ட மாட்டேன் என்று கதவுக்குப் பின்னால் நின்றால், நானே வந்து வாசிப்பேன்.

நுஸைபா


12 மார்ச் 2025, புதன், மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை அப்பாவிடம் அன்றே கொடுத்துவிட்டேன். குழாயடியில் சிமெண்ட் கையோடு நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது உங்கள் பக்கம் கடப்பாரைச் சத்தம் கேட்டது. அப்பா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். "இந்த ஆளு மேல தாங்கு குடுக்காம இடிக்கிறாருடி. செத்த நேரத்துல செவரு தலையில வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு உங்கள் பக்கம் வந்துவிட்டார். பிறகு நடந்ததை நீங்கள்தான் நேரில் பார்த்தீர்கள். மத்தியானம் திரும்பி வந்து, "பாய்க்கு ஒரு செங்கல் எடுக்கத் தெரியல, வாய் மட்டும் மேஸ்திரி கணக்கா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இன்றைக்கு விடிந்ததும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். முகவலை போடவில்லை. காவல் தேனீக்கள் கோபப்பட்டால் முதலில் என்னிடம் வரட்டும் என்று நினைத்தேன். எட்டு மணிக்கு உங்கள் புது வாசல் திறக்கிற சத்தம் கேட்டது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டேன். வாசம் லேசாகத்தான் வந்தது. பழைய கதவிடுக்கில் நீங்கள் ஈரச்சாக்கு அடைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. முதல் பெட்டி வாசலில் நாலைந்து வந்து நின்று பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக உள்ளே போய்விட்டன. மற்றவை காலில் மகரந்தத்தோடு வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. பன்னிரண்டு மணி வரை எண்ணினேன். கொட்டு, சைபர். நோட்டில் எழுதிவிட்டேன்.

பத்து மணி இருக்கும், சுவருக்கு மேல் மாமா தலை தெரிந்தது. ஒரு துண்டைத் தலையில் சுற்றி, கண் மட்டும் தெரிய நின்றார்.

"ஏ புள்ள, இன்னைக்கு உன் ஆளுகளுக்கு லீவா?"

எழுந்து ஓடத்தான் கால் போனது. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் சட்டென்று எழுந்தால் அவை கலைந்துவிடும். அதனால் அப்படியே இருந்துகொண்டு, "இல்ல மாமா, வேலையாத்தான் இருக்குதுக" என்றேன்.

அவர் நான்கு பெட்டிகளையும் எட்டிப் பார்த்தார். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பாத்திமா


13 மார்ச் 2025, வியாழன்

பாத்திமா,

நேற்று அவர் உள்ளே வந்து என்ன சொன்னார் தெரியுமா? "அந்தப் புள்ள பேசாதுன்னு யாரு சொன்னது? நல்லாத்தானே வாயாடுது. அரை மணி நேரம் தேனீயப் பத்திப் பாடம் எடுத்துருச்சு" என்றார். உன் கடிதம் வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. நான் அவரைத் திருத்தவில்லை. கடையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். இனி நீ பேசித்தான் ஆக வேண்டும், ஆனால் அவசரம் இல்லை.

இப்போது உனக்குக் கேட்கிற கொத்துச் சத்தம் உன் அப்பாதான். வேலை விட்டு வந்த கையோடு, கேட்காமலே கரணையை எடுத்துக்கொண்டு வந்து, பழைய கதவைப் பெயர்த்து வைத்துவிட்டுச் செங்கல் அடுக்குகிறார். இவர் கலவை குழைத்துக் கொடுக்கிறார். ஒருத்தர் தண்ணீர் அதிகம் என்கிறார், ஒருத்தர் மணல் அதிகம் என்கிறார். இடுப்பு உயரம் வந்துவிட்டது. நோன்பு திறப்பதற்குள் முடிந்துவிடும்.

உன் அப்பாவைக் கஞ்சி குடிக்காமல் அனுப்ப மாட்டேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நீயும் வா. என் மாமியார் உனக்காகத் தேங்காய்ச் சட்னியில் காரம் குறைத்துப் போடச் சொல்லியிருக்கிறார். பேச வேண்டாம். வந்து உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனால் போதும்.

நுஸைபா